வேப்பமரத்து வீட்டு முன்னால் ஒரு பாட்டு

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, பேண்டு செட் வாசிக்க ஆரம்பித்தவுடன் யாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். போன தையில் என் தம்பியின் மகனுக்கு ஓசூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பையனுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. அவனோடு வேலை செய்கிற தெற்கத்திப் பையன்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. அவர்களிடம் போய் என் தம்பி, "எங்கக்கா சின்ன வயசுல பேண்டு செட்டு பின்னாடியே ஊரு ஊரா ஓடுனவங்க, பேண்டுக்காரின்னுதான் பேரு" என்று சொல்லிச் சிரிக்கிறான். ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "பாட்டி, ஒரு ஸ்டெப்பு போடுங்க" என்கிறான்.

இந்தக் கதை நடந்தபோது என் தம்பி பிறக்கவே இல்லை. பிறக்காதவன், தான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறான். வருஷத்துக்கு வருஷம் அதில் ஒரு ஊரைக் கூட்டிக்கொண்டும் போகிறான். இந்த முறை நான் பெங்களூர் வரைக்கும் ஓடியிருக்கிறேன். அதனால் நானே எழுதி வைக்கிறேன். மூன்றாவதோடு நின்ற படிப்பு, மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் அறுபது வருஷம் பொறுத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் மத்திகிரியில் இருந்தோம். அப்பாவுக்கு மாட்டுப் பண்ணையில் வேலை. பண்ணைக்குப் பின்னால் இருந்த தெருவில் பேண்டு செட்டுக்காரர்கள் இருந்தார்கள், ஆறு பேர். மற்ற நாளில் அவர்களும் பண்ணையில் புல் அறுக்கிறவர்கள்தான். முகூர்த்த நாளில் மட்டும் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொள்வார்கள். கோட்டுக் கையில் மஞ்சள் ஜரிகை, பாதிக்குமேல் உதிர்ந்துபோனது. காலில் செருப்பு இருக்காது. வேலியில் சிவப்புக் கோட்டு காய்ந்தால் மறுநாள் எங்கோ கல்யாணம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆறு பேரில் கிளாரினெட்காரர்தான் பெரியவர். ஒல்லியான ஆள், ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, கன்னடப் பாட்டு மூன்றும் வாசிப்பார். எந்த வீட்டில் என்ன பேச்சு என்று பார்த்து அதை எடுத்துவிடுவார். வேகமாக வாசித்தால் கிழவர்கள்கூட ஆடுவார்கள். ஆனால் அவரிடம் இன்னொரு பாட்டு இருந்தது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது வாசிப்பது. டிரம் எல்லாம் நின்றுவிடும், குழல் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டே போகும். அழாமல் அடக்கிக்கொண்டிருக்கிற அம்மாக்காரிகள் எல்லாம் அந்தப் பாட்டில் உடைந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் அழுகைப் பாட்டு பிடித்தது என்றால், தெரியாது. அது நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

ஆக, எனக்குப் பேண்டு பிடிக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் அதற்காக நான் அழுது அடம்பிடித்து அத்தையை இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்கிறார்களே, அதுதான் பொய். இழுத்துக்கொண்டு போனது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கர்நாடகா எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்து, நாலு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். என்ன சண்டை என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்துவிட்டார்கள். அத்தைக்கு இரண்டு வயதில் ஒரு பையன் இருந்தான். ஆண்பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இனி எங்கள் வீட்டுப் பெண் இந்த ஊர் எல்லையை மிதிக்கமாட்டாள், பிள்ளை என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டோம் என்று அப்பா சபையில் சொல்லிவிட்டு வந்தார். அப்பா சொன்ன சொல் மாறாதவர். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பையன் பேச்சே கிடையாது. அவன் செத்துப்போய்விட்டான் என்றுதான் நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வீட்டில் அதிகம் பேசமாட்டாள். ராகி அரைப்பாள், சாணி தட்டுவாள், எனக்குப் பேன் பார்ப்பாள். ஆனால் வேலியில் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டால் போதும். தண்ணீர் எடுக்கிற சாக்கில் அந்தத் தெருவுக்குப் போய், எந்தப் பக்கம் கல்யாணம் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள். வந்ததும் அம்மாவிடம், "பாப்பா பேண்டு பாக்கணும்னு அழுவுறா அண்ணி. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடறேன்" என்பாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து கல் விளையாடிக்கொண்டிருப்பேன். என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டி, உனக்கு வேற வேலையே கெடையாதா, அவளை ஏன் இந்தப் பாடு படுத்தற" என்று தலையில் ஒரு தட்டு தட்டுவாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அத்தை என் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பாள்.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. மத்திகிரியிலேயே கல்யாணம் நடக்கும், பக்கத்துத் தெருவில் பந்தி போடுவார்கள், அதற்கு அத்தை வரமாட்டாள். தலைவலி என்பாள். ஆனேக்கல் போகிற ரோட்டில் நாலு மைல் நடந்து, ராகிக் காட்டு வரப்பெல்லாம் தாண்டிப் போகிற அந்த ஒரு ஊர்க் கல்யாணம் என்றால் மட்டும் அவளுக்குத் தலைவலி வராது. ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்கு ஏதோ ஒரு பெயர் சொல்வாள், அம்மாவிடம் வேறு ஒரு பெயர் சொல்வாள். போகும்போது ஓட்டமாக ஓடுவாள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடவேண்டும். ஊர் எல்லை வந்ததும் முந்தானையை எடுத்து முக்காடு போட்டுக்கொள்வாள். வெயிலே இல்லாத நாளிலும் முக்காடுதான். நாலு மைல் நடந்து, ஊர்வலம் முழுக்கப் பின்னால் போய், கடைசியில் கல்யாண வீட்டு வாசலில் பந்தி போடுகிற நேரத்துக்கு, "நேரமாயிடுச்சு பாப்பா, வா போலாம்" என்று கையைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். பாயச வாசனை மூக்கில் ஏறும், நாங்கள் திரும்பி நடப்போம். இரண்டு வருஷத்தில் ஏழெட்டு முறை போயிருப்போம். அந்த ஊரில் ஒரு வாய் சோறு நான் சாப்பிட்டதில்லை. பேண்டுக்காரியாம்.

அந்த ஊர்வலங்கள் சாயங்கால வெயிலில் நடக்கும். பேண்டு வந்தால் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பேண்டுக்குப் பின்னால் நடக்கிறவர்களை யாரும் நீ யார், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்று நினைப்பார்கள், அவர்கள் இவர்கள் என்று நினைப்பார்கள். தெருவுக்கு ஒரு இடத்தில் பேண்டு நின்று முழுப் பாட்டு ஒன்று வாசிக்கவேண்டும், அது வழக்கம். பாட்டு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளையானாலும் நகரக்கூடாது.

அந்த ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ முறை போனபோது, ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பேண்டுக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தைரியமாகப் போய்க் கிளாரினெட்காரரிடம், அந்த இழுக்கிற பாட்டை வாசிப்பீர்களா என்று கேட்டேன். அவர் குனிந்து என்னைப் பார்த்து, "உனக்கு அழுவுற பாட்டுதான் புடிக்குமா பாப்பா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது பின்னாலிருந்து அத்தை சொன்னாள்: "ஊருக்குள்ள வேப்பமரத்து ஊட்டாண்ட நின்னு வாசிங்கண்ணா. பாப்பா கேக்கறா."

நான் வேப்பமரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தார். பண்ணையில் அப்பாவோடு வேலை செய்கிறவர், எல்லாம் தெரிந்தவர். குழலை எடுத்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு வேப்பமரம் இருந்த வீட்டு முன்னால் பேண்டு நின்றது. அந்தப் பாட்டுதான் வாசித்தார். அதற்குப் பிறகு நாங்கள் போன ஒவ்வொரு முறையும் அங்கேதான் நின்றது, அதையேதான் வாசித்தார். ஒருமுறை மாப்பிள்ளையின் மாமன்காரன், "யோவ், இது மாப்ள ஊர்வலமா, எழவு ஊர்வலமா?" என்று சத்தம் போட்டான். கிளாரினெட்காரர் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டைச் சுருக்கவும் இல்லை, ஒரு முறை கூடுதலாகவே வாசித்தார் என்று நினைக்கிறேன். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு கல்யாணத்தையே நிறுத்திவைத்து எனக்காக ஒருவர் வாசிக்கிறார் என்றால் சும்மாவா? கூட்டத்தில் நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்ப்பேன். அத்தைக்குப் பாட்டில் கவனமே இருக்காது. அவள் வேப்பமரத்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்படிக் கேட்காமல் நிற்கிறவளுக்கு எதற்கு நாலு மைல் நடை?

அந்த வாசலில் ஒரு கிழவி நிற்பாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். நாலைந்து வயது இருக்கும். எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், இடுப்பில் கறுப்புக் கயிறு, தலையில் எண்ணெய் வழியும். டிரம் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். பேண்டு பார்க்க வந்துவிட்டுக் காதைப் பொத்துகிற பையனை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசியாகப் போனது ஒரு வைகாசியில். அதற்கு முந்தின நாள் அப்பா ஓசூர்ச் சந்தையிலிருந்து எனக்கு ஒரு காற்றாடி வாங்கி வந்திருந்தார். சிவப்பும் பச்சையும் காகிதம், மூங்கில் குச்சி. அப்பா எனக்கென்று வாங்கிய பொருள் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு நாலு மைலும் ஓடினேன். அன்றைக்கு அத்தையைவிட நான் முன்னால் போனேன்.

வேப்பமரத்து வீட்டு முன்னால் பேண்டு நின்றது. டிரம் அடங்கியது. அந்தப் பையன் காதிலிருந்து கையை எடுத்தான். என் காற்றாடியைப் பார்த்தான். கிழவியின் முழங்காலை விட்டுவிட்டுப் படியிறங்கி நேராக என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான். நான் காற்றாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் கன்னடத்தில் ஏதோ கேட்டான். என் பின்னால் நின்ற அத்தை, என் கையிலிருந்து காற்றாடியைப் பிடுங்கி அவனிடம் கொடுத்துவிட்டாள்.

கேட்கவில்லை, கெஞ்சவில்லை. பிடுங்கினாள். அத்தை குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னாள், அதுவும் கன்னடத்தில். எங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் கன்னடம் பேசி நான் கேட்டதில்லை. அவன் தலையில் கையை வைத்தாள். அவன் கையைத் தட்டிவிடவில்லை, காற்றாடியை ஊதிக்கொண்டு நின்றான். கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வாசலில் நின்ற ஒரு அம்மாள் சட்டென்று நகர்ந்துவந்து கிழவிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஏதோ கதை பேச ஆரம்பித்தாள். அது ஏன் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. எனக்கு என் காற்றாடிதான் யோசனை. பாட்டு ரொம்ப நேரம் போனது. முடிந்ததும் டிரம் அடித்தது, பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினான். காற்றாடி அவன் காதோடு சேர்ந்து நசுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது, "எங்க பாப்பா காத்தாடி?"

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஒரு மூக்கொழுகிப் பையனுக்காக என் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய கேவலத்தை நான் எப்படிச் சொல்வேன்? தொலைந்துவிட்டது என்றேன். அப்பா முகம் வாடியது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும், என் மானமும் போகக்கூடாது. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெருமையை எடுத்துவிட்டேன்.

"கிளாரினெட்டுக்காரரு எங்களைப் பாத்தா நின்னுடுவாருப்பா. யாரு திட்டினாலும் கேக்கமாட்டாரு. எனக்கும் அத்தைக்கும்னு தனியா ஒரு பாட்டு வாசிப்பாரு. அத்தை சொன்னா எங்க வேணா நின்னு வாசிப்பாரு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா கையிலிருந்த செம்பை வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"பாப்பா சொல்றது நெசமா?"

அத்தை கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு மறந்திருக்கும். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பாப்பா பொய் சொல்லமாட்டா" என்றாள்.

எந்த ஊருக்குப் போனாள் என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஊரைச் சொல்லியிருந்தால் அப்பா சபையில் கொடுத்த சொல்லை அவள் இரண்டு வருஷமாக உடைத்துக்கொண்டிருந்தது தெரிந்துபோயிருக்கும். அதைவிடப் பேண்டுக்காரரோடு சேர்த்துப் பேசுகிற இந்தப் பெயர் பரவாயில்லை என்று கதவோரம் நின்ற அந்த நேரத்துக்குள் முடிவு செய்துவிட்டாள். மறுநாள் அப்பா பண்ணையில் கிளாரினெட்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. என்ன மனிதர்கள் இவர்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அந்த மனிதர் தன்னை 'அண்ணா' என்று கூப்பிட்ட பெண்ணுக்காக அடி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மாதத்தில் அத்தைக்கு இரண்டாவது கல்யாணம். நாட்றாம்பாளையத்தில், காட்டோரம், பெண்டாட்டி செத்த ஒருவருக்கு. பஸ்ஸில் போய் இறங்கி அப்புறமும் நடக்கவேண்டும். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. அந்தக் கல்யாணத்துக்குப் பேண்டு வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அம்மா என்னைக் கை காட்டினாள். "இவளுக்குப் பேண்டு பைத்தியம், பின்னாடியே ஓடிடறா. அதான் வேணாம்னுட்டோம்" என்றாள். அத்தையின் பெயர் கெடாமல் இருக்க என் பெயரைப் போட்டு மூடினார்கள். மூடியது மூடியபடியே இருக்கிறது. என் தம்பி அதைத்தான் இன்றைக்கும் மண்டபத்துக்கு மண்டபம் சுமந்துகொண்டு போகிறான்.

அடுத்த வருஷம் மாரியம்மன் பண்டிகையில் கிளாரினெட்காரர் என்னைப் பார்த்து, "அத்தை நல்லா இருக்குதா பாப்பா?" என்று கேட்டார். பேசக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதும் நிமிர்ந்துதான் நின்றேன். எனக்காக வாசித்தவர், என்னால் இப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி என் மகனுக்கு நாலு வயது நடந்தபோது, ஒருநாள் தெருவில் டிரம் சத்தம் கேட்டு அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் முழங்காலில் வந்து முட்டினான். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன் யாரென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நாட்றாம்பாளையத்துக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அவள் களி கிண்டிக்கொண்டே, "உனக்குத்தான் அந்தப் பாட்டு புடிக்குமே" என்றாள். அதற்குமேல் அவளிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இப்படிப்பட்டவளோடு என்ன பேசுவது.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இது. சொல்லியிருந்தால் அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

திரும்பி வந்த நாலு மைலும் நான் அத்தையோடு பேசவில்லை. அவள் எனக்கு முன்னால் மெதுவாக நடந்தாள். போகும்போது ஓடுகிறவள், அன்று ஏதோ தண்ணீர் நிறைந்த குடத்தைச் சுமக்கிற மாதிரி நடந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். நாலடிக்கு ஒரு தரம் கையை விரித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்தில் எனக்குத் தெரியாமல் பந்தியில் போய் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டாள், அந்த வாசனையைத்தான் பிடித்துப் பார்க்கிறாள். காற்றாடியும் போய் விருந்தும் போன ஆத்திரத்தில் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்து விரித்தேன். அத்தை தடுக்கவில்லை. நான் மோந்து பார்க்கட்டும் என்று உள்ளங்கையை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

நெய் இல்லை. வெறும் விளக்கெண்ணெய் நாற்றம், அந்தப் பையன் தலையில் வழிந்தது. ச்சீ என்று கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன். இதையா நாலு மைலும் மோந்துகொண்டு வருகிறாள் என்று எனக்கு அப்படியொரு எரிச்சல். அன்று ராத்திரி அவள் சாப்பிட உட்காரவில்லை. பசியில்லை என்றாள், கை கழுவாமலேயே படுத்துக்கொண்டாள். அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விளக்கெண்ணெய் நாற்றத்தைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.